பெயரில்லாத மூச்சு

பயம் என்பது பீப்பாய்க்கு வயிற்றில் பிறந்து நாக்கில் போய் முடிகிற சமாச்சாரம். பயந்தால் பேசுவான். ரொம்பப் பயந்தால் ஜோக் அடிப்பான். பருத்த உடம்புக்காகப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் முப்பது வயதைத் தாண்டியும் கூடவே வந்துகொண்டிருந்தது. துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது, "எனக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி மேடம்" என்று முன்கூட்டியே சொல்லித்தான் சேர்ந்தான். "பரவாயில்லை. எனக்கு அது கிடையாது. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே பயந்துக்கோ" என்றார் மேடம். அந்த ஏற்பாடு இதுவரை ஒழுங்காகத்தான் நடந்துவந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மேசை மேல் மூன்று கம்ப்யூட்டர் திரைகள். அவர்களை வரச்சொன்ன பெண்மணி கதவைச் சாத்தினார், மறுபடி திறந்து வெளியே எட்டிப் பார்த்தார், மறுபடி சாத்தினார். தூக்க ஆராய்ச்சி நிலையத்தில் வந்து குவிகிற தகவல்களைச் சேர்த்து அலசுவது அவர் வேலை. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடினார். பீப்பாய் மனதுக்குள்ளேயே அவருக்குப் 'புள்ளிவிவரம்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"தூக்க ஆராய்ச்சின்னாங்க. ஒரு கட்டிலைக்கூடக் காணோமே" என்றான். "நான் தலையணையோட வந்திருப்பேன்."

"தூங்கறவங்க அவங்கவங்க வீட்டில இருக்காங்க. இங்க மூச்சு மட்டும்தான் வருது" என்றார் புள்ளிவிவரம். "தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி இருக்கில்ல..."

"அதுக்கு நான்தான் விளம்பரத் தூதர். மூக்குல மாட்டற முகமூடி, கட்டில் பக்கத்துல காத்தடிக்கிற மெஷின், விரல்ல கிளிப்பு, எல்லாம் என்கிட்டயும் இருக்கு. உங்க ஆராய்ச்சிக்குக் கையெழுத்தே போட்டிருக்கேன்."

"அப்போ உங்க மூச்சும் இதுல எங்கேயோ இருக்கு." அவர் திரையைக் காட்டினார். "பல ஊர் ஆஸ்பத்திரிகள். ஆயிரக்கணக்கான மெஷின். ஒவ்வொண்ணும் தூங்கறவரோட மூச்சை உடனுக்குடன் அனுப்பிடும். ஆனா இங்க வர்றதுக்குள்ள பேரு, ஊரு, விலாசம் எல்லாத்தையும் உரிச்சிடுவாங்க. எங்களுக்கு வெறும் எண்தான். இத்தனை பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் யாருக்கு மாரடைப்பு வரும், யாருக்கு வராதுன்னு புரியும். அதுக்குத்தான் இவ்வளவும்."

மேடம் கைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். "விஷயத்துக்கு வாங்க."

"இந்த எண்ணைப் பாருங்க. நேத்து ராத்திரிப் பதிவு இது."

கறுப்புத் திரையில் ஒரு பச்சைக்கோடு ஏறி இறங்கிக்கொண்டு போனது. முகமூடி மாட்டியாயிற்று. மூச்சு நிதானமாகிறது. அசைவு இல்லை. தூக்கம் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, மெஷின் அடிக்கிற காற்று சட்டென்று அடிமட்டத்துக்கு இறங்குகிறது.

"மெஷின் தானா குறைக்காது. யாராவது பட்டனை அமுக்கணும்" என்றார் புள்ளிவிவரம். "ஆனா இவர் தூங்கறார். கை காலை அசைக்கலை."

"அப்போ பட்டனை அமுக்கறது யாரு?"

"அதைத்தான் கேக்கறேன். தினம் ராத்திரி யாரோ இவர் கட்டில் பக்கத்துல வந்து நிக்கறாங்க."

பீப்பாயின் வயிற்றுக்குள் ஐஸ்கட்டி ஒன்று இறங்கியது. "தூங்கறவங்க பக்கத்துல வந்து நிக்கறதுன்னா எனக்கு ஒரே ஆளைத்தான் தெரியும் மேடம். பூனை."

பூனை ஒரு திருடன். ஆள் அரவமில்லாத வீட்டை அவன் தொடவே மாட்டான். குடும்பமே படுத்துத் தூங்குகிற வீட்டுக்குள்தான் புகுவான். அவனைப் பிடித்துக் கொடுத்தவர் மேடம்தான். தீர்ப்பு வந்த அன்று அவன் கோபப்படவில்லை. கோர்ட் வராந்தாவில் நின்று, "மேடம், உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருமா?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனான். சமீபத்தில் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தான்.

"அவன் நகையை எடுப்பான். மூச்சை எடுக்க மாட்டான்" என்று மேடம் வெடுக்கென்று சொன்னார். "மேல சொல்லுங்கம்மா."

"காத்து குறைஞ்சதும் சின்னச் சின்னதா மூச்சு நிக்குது. இதுல ஒரு விசித்திரம். திணறலே இல்லாம, மெதுவா, பூப்போல விட்டுடறார். ஏன்னு புரியலை. ஆனா விடியற நேரத்துல வருது பாருங்க, அது நிஜமான அடைப்பு. நீளமா, ரொம்ப நீளமா. ரத்தத்துல பிராணவாயு பாதாளத்துக்குப் போயிடுது. எங்க டாக்டர்கிட்ட காட்டினேன். இப்படியே விட்டா ஒரு விடியற்காலை இதயம் நின்னுடும்னார். இந்த வாரமேகூட நடக்கலாமாம்."

"மேலிடத்துல சொன்னீங்களா?"

"அடுத்த கூட்டத்துல பேசலாம்னாங்க. கூட்டம் அடுத்த மாசம்." புள்ளிவிவரம் அந்தப் பச்சைக்கோட்டின் மேல் விரலை வைத்தார். "கண்ணெதிரே ஒருத்தர் சாகப்போறார். கதவைத் தட்டக்கூட விலாசம் இல்லை."

சாகப்போகிறவர் பச்சைக்கோட்டில் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பீப்பாய் அந்தத் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"தேதி இருக்கே" என்றார் மேடம்.

"அது பொய்த் தேதி. பழைய பதிவையெல்லாம் ஆளுக்கு ஒரு கணக்கா முன்னேயோ பின்னேயோ நகர்த்தி வெச்சிருப்போம். எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

"மணி?"

"மணியைத் தொட மாட்டோம். ராத்திரியைப் பகலாக்கிட்டா அப்புறம் தூக்க ஆராய்ச்சி எங்க இருக்கு?"

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "போன மழைக்காலத்துல ஒருநாள் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இந்த ஊர் மொத்தத்துக்கும் கரண்ட் போச்சு. தண்ணி ஏறாம எல்லாரும் பக்கெட்டும் கையுமா நின்னோம். அந்த நிமிஷம் ஊர்ல இருக்கிற அத்தனை மெஷினும் நின்னிருக்கணும். உங்க எண்ணுக்கு அந்த மணியில ஒரு வெட்டு விழுந்திருக்கா, பாருங்க."

புள்ளிவிவரம் விசைகளைத் தட்டினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். பச்சைக்கோடு அந்த மணியில் பட்டென்று அறுந்து கிடந்தது.

"இதே ஊரு" என்றார் மெல்லிய குரலில். "அந்தப் பொய்த் தேதியை நிஜத் தேதியோட பொருத்தினா, மொத்தமும் நேராயிடும். இதை யாராலும் உடைக்க முடியாதுன்னு நான் மேடை ஏறிப் பேசியிருக்கேன்."

"அடுத்த மேடையில பேசாதீங்க. மெஷினே போடாத ராத்திரி எதுன்னு காட்டுங்க. வீட்டில படுக்காத ராத்திரிதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்."

திரையில் காலி ராத்திரிகள் வரிசை கட்டி வந்தன. முதல் தொகுதியைப் பார்த்தபோதே பீப்பாய்க்கு எங்கேயோ இடறியது. அது மார்பிள் குடோனுக்கு எதிரே காரில் காவல் இருந்த ராத்திரிகள். அடுத்தது, ஹோட்டல் வரவேற்பறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரி. அதற்கடுத்தது துறைமுகச் சுவரோரம் கொசுவுக்கு ரத்ததானம் செய்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"மேடம்" என்றான். "இது நான்தான்."

புள்ளிவிவரம் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"காலையில எந்திரிக்கும்போது தலை வலிக்குமா?" என்று கேட்டார் புள்ளிவிவரம்.

"எந்திரிச்சதும் ஆபீஸ் ஞாபகம் வரும். வலிக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. புள்ளிவிவரம் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார். "காத்து குறைய ஆரம்பிச்சது இந்த ராத்திரியிலேருந்து."

மேடம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "போதும். திரையை அணைங்க" என்றார். பெரிய பெரிய கேஸ்களில்கூடப் பீப்பாய் அந்தக் குரலைக் கேட்டதில்லை. நமக்கு நாள் குறித்தாயிற்று, மேடத்துக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று புரிந்துகொண்டான்.

காரில் அவன் வாய் ஓயவில்லை. அவன் இருப்பது அக்கா வீட்டில். பக்கத்து அறையில் அக்காவும் அத்தானும். அவன் குறட்டையால் அத்தானின் தூக்கம் கெட்டுப் பல வருஷமாகிறது. 'ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அந்த மெஷினைப் பிடுங்கி எறியறேன் பாரு' என்று அத்தான் சொல்லாத வாரம் கிடையாது. இத்தனை நாளும் வேடிக்கைப் பேச்சு என்றுதான் இருந்தான்.

"அத்தான் கத்தரிக்காய்கூட ஒழுங்கா நறுக்க மாட்டார் மேடம். அவர் போய் என்னைக் கொல்றாருன்னா, கேக்கறவங்க சிரிப்பாங்க. என் பைக்கை யாருக்கு எழுதி வைக்கலாம்? அவருக்கு மட்டும் கிடையாது."

"நீ சாக மாட்டே."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

மேடம் கியரை மாற்றினார். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார், இஞ்சினை அணைத்தார், இறங்கவில்லை. எந்த வீடானாலும் முதலில் படியேறுகிறவர் அவர்தான். "நீ போய் மெஷின்ல காத்து எவ்வளவு வெச்சிருக்குன்னு பார்த்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

பீப்பாய் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினான். அக்கா கதவைத் திறந்தாள். "என்னடா இந்நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். அவன் அவளைத் தாண்டித் தன் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

அவன் கட்டிலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் மெஷின். அதன் பின்மூடி கழற்றியிருந்தது. விரல்களில் ஏதோ ஒன்றைப் பிடுங்கி வைத்திருந்தார். பீப்பாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான். நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அத்தான் திருடன் போல விழித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "என்ன பண்ணியா? வாங்கின நாள்லேருந்து ஒருநாளாவது இந்த வடிகட்டியைக் கழுவினியா நீ? தூசி அடைச்சா காத்து வராதுன்னு டாக்டர் சொன்னது உன் காதுல ஏறிச்சா? வாரா வாரம் நான்ல கழுவித் தொலைக்கிறேன்."

பீப்பாய்க்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காதான் பின்னாலிருந்து சொன்னாள். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நீ தூங்கினப்புறம் சுவத்துல காதை வெச்சுக் கேப்பார். சத்தம் நின்னுச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துடுவார்."

"குறட்டை இருந்தா ஒரு தொல்லை. நின்னா பெரிய தொல்லை" என்று முணுமுணுத்தார் அத்தான். "என் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பேன், உன் மூச்சு வருதான்னு. அது வந்தப்புறம்தான் நான் விடுவேன்."

பீப்பாய் மெஷினை வாங்கிப் பார்த்தான். டாக்டர் வைத்த அளவு அப்படியே இருந்தது. யாரும் குறைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சமாளிக்க நினைத்தான், ஒன்றும் வரவில்லை. அத்தானின் தோளைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான்.

அப்படியானால் அந்த எண் அவன் இல்லை.

அத்தான் சொன்னது மட்டும் அவனை விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது. அதில் பீப்பாய்க்கு அனுபவம் ஏராளம். இருட்டில் எங்கேயாவது டப்பென்று சத்தம் கேட்டால் அவனும் அதைத்தான் செய்வான். கல் மாதிரிக் கிடப்பான், மூச்சை நிறுத்துவான், காதைத் தீட்டிக்கொள்வான், ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மெதுவாக, சத்தமில்லாமல் விடுவான். திணறலே இல்லாமல். பூப்போல.

புள்ளிவிவரத்தின் கம்ப்யூட்டருக்குப் பயம் என்று ஒன்று இருப்பது தெரியாது. அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எழுதிக்கொள்கிறது. மூச்சு நின்றால் வியாதி என்று எழுதிக்கொள்கிறது. கட்டில் பக்கத்தில் யாருமே வந்து நிற்கவில்லை. படுத்திருந்தவர் தூங்கவே இல்லை. காற்றின் இரைச்சல் காதை மறைக்கிறது என்று அவரே கிளிப் மாட்டாத கையை நீட்டி அதைக் குறைத்துவிட்டு, இருட்டில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். விடியும்போது அசதி ஆளைத் தள்ளிவிட, காற்று இல்லாமலே தூங்கிப்போயிருக்கிறார்.

காற்று குறைய ஆரம்பித்த அந்தத் தேதி இப்போதுதான் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. பூனை வெளியே வந்த நாள். அன்றைக்கு ஆபீஸில் அவன் புலம்பித் தீர்த்தான், மேடம் சிரித்தார். குடோனுக்கு எதிரே காரில் அவன் மட்டுமா உட்கார்ந்திருந்தான்?

மாடிப்படியில் இறங்கும்போது, தான் சாகப்போவதில்லை என்ற நிம்மதி பாதிப் படி வரைகூட வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் கீழே காரில் உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மெஷின் சரியா இருக்கு மேடம். அத்தான் கழுவிக்கூட வெச்சிருக்கார்."

"நல்லது."

"நீங்க மெஷின் போடறீங்கன்னு என்கிட்ட சொல்லவே இல்லை."

மேடத்தின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. தெருவில் ஒரு குப்பை வண்டி அவர்களைத் தாண்டிப் போனது.

"சொன்னா நீ பேர் வெப்பே" என்றார். பிறகு, "அந்தத் தேதியைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. நீ 'நான்தான்'னு சொன்னப்போ இல்லைன்னு சொல்லியிருக்கணும். வாய் வரலை" என்றார். "அந்தக் காத்து ஓடும்போது வேற எதுவும் கேக்காது. வாசக்கதவு தாழ்ப்பாளை யாராவது தூக்கினாக்கூடக் கேக்காது. அதனால குறைச்சு வெச்சேன். குறைச்சா எல்லாம் கேக்குது. குழாய் சொட்டறது, ஃப்ரிட்ஜ் உறுமறது, எல்லாம் அவனாவே கேக்குது. எப்போ தூங்கறேன்னு தெரியாது. தலைவலியோட எந்திரிப்பேன். அவன் ஒண்ணுமே பண்ணலை. ஒரே ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படத்தானே என்னை வேலைக்கு வெச்சீங்க. நீங்க தனியா பயந்துக்கிட்டா நான் எதுக்கு?"

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் ஒருமுறை குலுங்கியது. அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு பீப்பாயே வண்டியை ஓட்டினான்.

மேடத்தின் வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாக இன்னும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளறை சோபாவில் மேடம் படுத்தார். பீப்பாய் பட்டனை அமுக்கி, காற்றை டாக்டர் வைத்த அளவுக்கு ஏற்றினான். இரைச்சல் எழுந்தது. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை கதவையே பார்த்தன.

"நான் கேட்டுக்கறேன் மேடம்" என்றான். "நீங்க கேக்க வேண்டாம்."

கண்கள் மூடிக்கொள்ள நேரம் பிடித்தது. பீப்பாய் வெளியறைக்கு வந்து, வாசல் கதவைத் தாழிட்டு, நாற்காலியை அதை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் செல்போன் அதிர்ந்தது. புள்ளிவிவரம் செய்தி அனுப்பியிருந்தார்: 'அந்த எண் இப்போ பகல்ல தூங்குது. காத்து முழுசா போகுது. ஒரு அடைப்புகூட இல்லை. நான் எதையும் கேக்கலை.' அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, மெத்தென்ற காலடி. ஏறி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் மட்டும் லேசாக ஒருமுறை நடுங்கி அடங்கியது.

பீப்பாயின் வயிறு சுருண்டுகொண்டது. அது நாக்குக்கு ஏறும் என்று காத்திருந்தான். ஏறவில்லை. எழுந்து நின்று, தன் பருத்த முதுகைக் கதவோடு முட்டுக்கொடுத்துச் சாய்ந்தான்.

"மேடம் தூங்கறாங்களா?" என்று கேட்டது வெளியே ஒரு மரியாதையான குரல்.

"தூங்கறாங்க."

"நல்லாத் தூங்கறாங்களா?"

உள்ளறையில் காற்று ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் மேடத்தின் மூச்சு போய் வருவது அவனுக்குக் கேட்டது.

"ரொம்ப நல்லாத் தூங்கறாங்க" என்றான் பீப்பாய். "நான் முழிச்சிருக்கேன்."

வெளியே வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு காலடி திரும்பியது. ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவின் இரைச்சலில் கலந்து போனது. அதுவரை பீப்பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது அதை விட்டான், மேடத்தின் தூக்கம் கலைந்துவிடாதபடி, மெதுவாக.